தடிப்பு சின்னதாக வந்த திங்கட்கிழமை

ஊசிக்கான புதுச் சாறு அளக்கும் நாளில் நீங்கள் நிரப்பும் தாளில், பெயருக்கும் தேதிக்கும் கீழே ஒரு கேள்வி இருக்கிறது. 'மூன்று நாளுக்குள் ஏதாவது மாத்திரை சாப்பிட்டதுண்டா? எதற்காக?' நோயாளிகளிடம் எங்கும் கேட்கிற கேள்விதான். ஆனால் நம் இடத்தில் சோதனைக்குக் கை நீட்டும் ஊழியரும் அதற்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போன மாதம் நான் விடைபெற வந்தபோது உங்களில் ஒருவர், "நம்மளையே நம்ப மாட்டாங்களா அக்கா?" என்று கேட்டார். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எட்டாவது வரை படித்தவளுக்கு எழுதவும் அவ்வளவாக வராது. இருந்தாலும் அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று தெரிந்தவர்களில் இன்று மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் மரக்கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு பழைய மாடி வீடு. கீழே ஊசி போடும் அறையும் ஒரு நீள பெஞ்சும். மேலே சாறு தயாரிக்கும் அறை. வேலை செய்தவர்கள் மூன்றே பேர்: டாக்டர், கம்பவுண்டர், நான். டாக்டர் காலையில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார், மாலையில்தான் திரும்புவார். புல்லின் பூந்தூள் பட்டால் மூக்கும் நெஞ்சும் தாங்காதவர்களுக்கு, அந்தத் தூளில் எடுத்த சாற்றையே மிக மிகக் குறைந்த அளவில் ஊசியாகப் போட்டு, வாராவாரம் கொஞ்சம் ஏற்றி, உடம்பைப் பழக்குவதுதான் அன்றும் எங்கள் வேலை. ஏற்றும் அளவு கொஞ்சம் தவறினாலும் ஆள் போய்விடுவார் என்பது உங்களுக்குத் தெரியும்.

என் அறையில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. கதவைத் திறந்து மூடினாலே தூள் பறந்துவிடும் என்பதால் யாரும் உள்ளே வரக் கூடாது. தண்ணீர் பாட்டில்களில் பூத்த புல்லைச் செருகி, கீழே காகிதம் விரித்து, உதிர்வதைச் சேர்ப்பேன். காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை நானும் புல்லும் மட்டும். துறைமுகத்தின் சங்கும் கம்பவுண்டரின் சிரிப்பும் கீழிருந்து கேட்கும். சில நாள் மாலையில் படியிறங்கி வாயைத் திறந்தால் என் குரலே எனக்குப் புதிதாக இருக்கும்.

பேச்சுத் துணை என்று சொன்னால் அஞ்சலைதான். சடையங்குப்பத்துக்காரி. ஜட்கா வண்டிக் குதிரைகளுக்குப் புல் அறுத்து விற்பவள், எங்களுக்கும் கொண்டுவந்து தருவாள். படிக்கட்டில் கூடையை இறக்கிவிட்டு, "குதுரைக்காரன் பூ வந்த புல்லு வாணாங்கிறான். நீ பூ இல்லாத புல்லு வாணாங்கிற. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பேஜாரு பட்டுகினு கீறேன்" என்பாள். அருகம்புல்லையும் காக்காய்க்கால் புல்லையும் பிரிக்க எனக்கு முதலில் தெரியவில்லை. இரண்டுக்கும் பூக்கதிர் விரல் விரித்தது போலத்தான் இருக்கும். படத்தை வைத்துக்கொண்டு நான் முழித்தபோது, கதிரின் நுனியைத் தடவிப் பார்க்கச் சொன்னவள் அவள்தான். காக்காய்க்காலில் விரல் நுனி முள்ளாக முடியும், அருகில் முடியாது. அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன்.

ஒரு வருஷம் மழை பெய்து சடையங்குப்பம் மூழ்கிவிட்டது. அஞ்சலை துறைமுகத்து ரயில் பாதை ஓரத்தில் அறுத்துக் கொண்டுவந்தாள். அதே அருகம்புல்தான். எஞ்சின் புகையில் கரித்தூள் படிந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. தூளை எடை போட்டோம், எடை சரியாக இருந்தது, அந்த எடைக்கு ஏற்ற சாறு எடுத்தோம். ஆனால் எடையில் பாதி கரி. இரண்டு மாதம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் பழைய தும்மல் திரும்பி வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தராசு பூந்தூளையும் கரியையும் ஒன்றாகத்தான் பார்க்கும். வித்தியாசம் தெரிந்தது மனிதத் தோல் ஒன்றுக்குத்தான்.

அதற்குள் எனக்கே அந்த நோய் வந்திருந்தது. மூன்று வருஷம் அடைத்த அறையில் தூளோடு இருந்தால் வராதா? டாக்டர் என் முன்கையில் ஒரு சொட்டுச் சாறு வைத்துக் கீறிப் பார்த்தார். கால் மணி நேரத்தில் அணாக்காசு அளவுக்குத் தடித்தது. ஒரு மாதம் கழித்து அதே சாறு, அதே அளவு. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "இனிமே நமக்குத் தராசு இதுதான்" என்று என் கையைக் காட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்னால் மட்டுமே ஆகிற காரியம் ஒன்று இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். புதுச் சாறு வந்தால் பழைய சாற்றையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் கீறுவோம். தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, மெல்லிய தாளில் அந்த வட்டத்தைப் பிரதி எடுத்து நோட்டில் ஒட்டுவோம். என் இடது கையில் கீறல் தழும்பு இல்லாத இடம் குறைந்துகொண்டே வந்தது. அந்தக் கையைத் தொட்டவர்கள் எல்லாம் அளக்கத்தான் தொட்டார்கள்.

தும்மலை வெளியில் எடுத்துப் போவதுதான் கஷ்டம். அந்தக் காலத்தில் இருமினாலும் தும்மினாலும் டி.பி. என்றுதான் நினைப்பார்கள். பஸ்ஸில் நான் தும்மத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவள் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போவாள். எனக்கு உட்கார இடம் எப்போதும் தாராளமாகக் கிடைத்தது.

அண்ணன் வீட்டில் இருந்தேன். எனக்கு முப்பத்துமூன்று வயதானபோது, திருவொற்றியூரிலிருந்து ஒரு இடம் வந்தது. மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்பே இரண்டு இடம் என் தும்மலைப் பார்த்துவிட்டு எழுந்து போயிருந்தது. அண்ணி மருந்துக் கடையிலிருந்து, தும்மலுக்கென்று அப்போது புதிதாக வந்திருந்த மாத்திரையை வாங்கி வந்தாள். "காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு போட்டுக்கோ. அவங்க முன்னால தும்மித் தொலைச்சிடாத. இனிமே வேற யாரு வரப்போறாங்க?" என்றாள். தழும்பு தெரியாமல் இருக்க, முழங்கைக்குக் கீழே வரை வரும் ரவிக்கையும் தைத்து வைத்திருந்தாள்.

இரண்டு மாத்திரையும் போட்டுக்கொண்டேன். ஒரு தும்மல்கூட வரவில்லை. காப்பித் தட்டை அவர்கள் முன்னால் வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். அந்த மனிதர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். மாடி அறையில் தனியாக வேலை செய்வது பயமாக இருக்காதா என்றார். பழகிவிட்டது என்றேன். அதற்கு அவர், "பழகிடும், ஆனா நல்லா இருக்காது" என்றார். மனைவி போன பிறகு வீட்டில் இருந்த அனுபவத்தில் சொல்கிறார் என்று புரிந்தது. அன்று வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. புதுச் சாறு அளக்க வேண்டிய நாள். அதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் ஐஸ் வராமல் போனதில் பழைய பாட்டில் கலங்கி, அதைக் கொட்டியிருந்தோம். பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழையது இல்லை. பரவாயில்லை, நோட்டில்தான் வட்டம் இருக்கிறதே என்று புதியதை மட்டும் டாக்டர் என் கையில் கீறினார். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் பச்சைப்பயறு அளவுக்குத்தான் தடித்திருந்தது.

பார்த்த மாத்திரத்தில் எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சோதனைக்கு வரும் ஒவ்வொரு நோயாளியிடமும், "மூணு நாளைக்கு மாத்திரை எதுவும் சாப்பிடாதீங்க, தடிப்பு வராது" என்று சொல்பவளே நான்தான். என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எனக்கும் ஞாயிற்றுக்கிழமை அது நினைவுக்கு வரவில்லை. வீட்டில் காப்பித் தட்டு ஏந்தப் போகிற கைதான் மறுநாள் இங்கே நீட்டப் போகிற கை என்று தோன்றவே இல்லை.

டாக்டர் அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அரை நிமிஷத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்கு மாத்திரை என்று கேட்பார். கம்பவுண்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர், ஆனால் ஒரு விஷயம் கிடைத்தால் ஒரு மாதம் வைத்துச் சிரிப்பார். என்னை மாடிக்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்ததே அவர்தான்.

"மறுபடியும் கரித்தூள்" என்றார் டாக்டர். அஞ்சலையை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னார். பிறகு கம்பவுண்டரிடம், புதுப் பாட்டில் என்றால் வழக்கமாக அளவைப் பாதியாகக் குறைப்போம், இதில் பலம் இல்லை, குறைக்க வேண்டாம், வழக்கமான அளவுக்கு இரண்டு பங்கு போடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

நான் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். புல் சாறு ஊசிக்கு அடுத்து வர வேண்டியவர் காதர் பாய், அவர் நாள் புதன்கிழமை. மாலையில் டாக்டர் தனியாக இருக்கும்போது சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். உண்மையைச் சொல்லப் போகிறேன், கொஞ்சம் சௌகரியமான நேரத்தில் சொல்லப் போகிறேன், அவ்வளவுதானே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு மாடிக்குப் போனேன்.

காதர் பாய் தண்டையார்பேட்டைக்காரர். துறைமுக ரயில் பாதையில் வேகன்களுக்கு நடுவில் நின்று கொக்கி மாட்டும் வேலை. பாதை நெடுக அருகம்புல். வேகன் பின்னால் வரும்போது தும்மல் பிடித்துக் கண் கலங்கினால் அதோடு சரி. அதற்காகத்தான் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். எட்டு மாதமாக அளவு ஏறி, தும்மல் நின்று, வேலையில் நிம்மதியாக இருந்தார்.

பதினோரு மணி இருக்கும். கீழே அவருடைய சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் எனக்கு உறைக்கவில்லை. பிறகுதான் இன்று புதன்கிழமை இல்லையே என்று தோன்றியது. கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடினேன். ஒரு மாதம் சேர்த்த தூள் காகிதத்திலிருந்து பறந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

நான் இறங்கியபோது கம்பவுண்டர் ஊசியை வெளியே எடுத்துப் பஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தார். ஷிப்ட் மாறிவிட்டதாம், அதனால் இன்றே வந்துவிட்டாராம். காதர் பாய் சட்டைக் கையை இறக்கிவிட்டு, ஊசிக்குப் பிறகு உட்கார வேண்டிய பெஞ்சில் வழக்கம்போல உட்காராமல் வாசலுக்கு வந்தார்.

நான் வாசலில் நின்றேன். ஆண்களின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள்.

"இன்னாமா, வழிய வுடு. அங்க வேகனு நின்னுகினு கீது" என்றார்.

"போகக் கூடாது. அரைமணி நேரம் உட்காருங்க."

"அர அவரு குந்த எனக்கு நேரமில்ல தங்கச்சி."

"அளவு தப்பு" என்றேன். கம்பவுண்டரைப் பார்த்துச் சொன்னேன். "பாட்டில்ல பலம் குறையல. நேத்து நான் தும்மல் மாத்திரை போட்டிருந்தேன். அதான் தடிப்பு வரல."

கம்பவுண்டருக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. "எதுக்குமா மாத்திர?" என்றார்.

பெஞ்சில் வேறு ஊசிகளுக்கு வந்த ஆறு பேர் இருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. காதர் பாய்தான், "நல்ல சேதிதானே, அதுக்கு இன்னாத்துக்கு என் வழிய மறிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உள்ளங்கையைச் சொறிந்தார். "கை அரிக்குது கம்பவுண்டர். துட்டு வரப்போவுது போல."

உள்ளங்கை அரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கம்பவுண்டரின் முகம் வெளுத்தது. நான் ஓடிப்போய் ரப்பர் கயிற்றைக் கொண்டுவந்து, ஊசி போட்ட இடத்துக்கு மேலே கட்டினேன். அதற்குள் அவர் காது சிவந்து, உதடு வீங்க ஆரம்பித்தது. ஏதோ சொல்ல வந்தார், குரல் கம்மியது. அவசர மருந்து அலமாரியில்தான் இருந்தது. கம்பவுண்டர் அதை ஊசியில் ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரு இல்லாம நான் எப்டிமா போடறது? எதுனா ஒண்ணு ஆச்சுன்னா?"

"போடுங்க. நான் பதில் சொல்லிக்கிறேன்."

போட்டார். பத்து நிமிஷத்தில் இன்னொரு முறையும் போட்டார். அந்த நேரம் முழுவதும் காதர் பாய் மூச்சுக்குத் தவித்தபடி என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான்கு விரலும் பதியும் அளவுக்குப் பிடி. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தளர்ந்தது. கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "வேகனு போயிட்சா?"

அவர் ஐந்து நிமிஷம் முன்னால் வாசலைத் தாண்டியிருந்தால் வேகன்களுக்கு நடுவில் விழுந்திருப்பார். ஏன் விழுந்தார் என்றும் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை இன்றுவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மாலையில் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் சாவியை வாங்கவில்லை. "வர்ற எல்லாரையும் கேக்கறேன். உங்களைக் கேக்கத் தோணவே இல்லை" என்றார். அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல இருந்தது. பிறகு நோட்டை என் பக்கம் தள்ளி, அன்றைய சின்ன வட்டத்துக்குக் கீழே காரணத்தை என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். பத்து நாள் கழித்து அதே பாட்டிலைக் கீறினார்கள். அணாக்காசு அளவுக்குத் தடித்தது.

புதுச் சாறு அளந்து முடியும் வரை பழையதில் ஒரு சொட்டாவது மிச்சம் வைக்க வேண்டும் என்ற விதி அப்போது வந்தது. பழையதும் பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு தடிப்புமே சின்னதாக வந்திருக்கும், குறை பாட்டிலில் இல்லை, கையில்தான் என்று அப்போதே தெரிந்திருக்கும். தாளில் அந்தக் கேள்வியும் அப்போது வந்ததுதான்.

இப்போது சாற்றில் இருக்கும் புரதத்தை அளக்க உங்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஆனாலும் கடைசியில் ஒரு மனிதக் கைக்குத்தான் வருகிறீர்கள். அந்தக் கை மாலையில் ஒரு வீட்டுக்குப் போகிறது. அங்கே அதற்கு என்ன நடக்கிறது என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கேட்டால் சொல்லவும் வெட்கப்படாதீர்கள். சௌகரியமான நேரம் பார்த்துச் சொல்லப்போகும் உண்மை, நான் பார்த்தவரையில், நோயாளி வந்துவிட்ட பிறகுதான் வந்து சேரும்.

அஞ்சலையிடம் பழி அவள் மேல் விழ இருந்ததைச் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. "மாப்ள இன்னா சொன்னாரு?" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டில் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வாரம் முழுவதும் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அண்ணனிடம், எனக்குத் தும்மல் உண்டு, கையில் தழும்பு உண்டு, அன்று மாத்திரை போட்டிருந்தேன் என்று அவர்களிடம் சொல்லிவிடச் சொன்னேன். ஒரு மனிதர் தப்பான அளவை நம்பி ஊசி போட்டுக்கொண்டு பட்டதை ஒரு முறை பார்த்தாயிற்று. அண்ணி அழுதாள். அண்ணன் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகு திருவொற்றியூரிலிருந்து யாரும் வரவில்லை.

"வுட்டுத் தள்ளு" என்றாள் அஞ்சலை. "தும்மாத பொம்பள வோணும்னா செலயத்தான் கட்டிகினு வூட்ல வெச்சிக்கணும்."

காதர் பாய் இன்னும் இரண்டு வருஷம் வந்தார். ஊசி போட்டுக்கொண்டு ஒழுங்காக அரைமணி நேரம் உட்காருவார். ஒவ்வொரு முறையும் படிக்கட்டுக்குக் கீழே நின்று, "மாடிக்காரம்மா, மாத்திர எதுனா போட்டியா?" என்று குரல் கொடுப்பார். இல்லை என்று மேலிருந்து சொல்வேன். சில வாரம் அந்த அறையிலிருந்து நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான். பிறகு அவருக்குக் குணமாகிவிட்டது. குணமானவர்கள் திரும்பி வருவதில்லை. நம் தொழிலில் அதற்காக வருத்தப்படக் கூடாது.

அந்த நோட்டு உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது, நீல அட்டை போட்டது. திங்கட்கிழமைப் பக்கத்தில் பயறு அளவு வட்டம் ஒன்று ஒட்டியிருக்கும். கீழே என் கையெழுத்தில், 'மாத்திரை இரண்டு. பெண் பார்க்க வந்தார்கள்' என்று இருக்கும். பார்த்தால் சிரிப்பு வரும். சிரியுங்கள். பழைய நோட்டுகளைக் கழிக்கும்போது அதை மட்டும் கழிக்காதீர்கள். அப்படி ஒன்று நடந்தது என்று வேறு எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.